மண்ணீரலுக்கு ஒரு மனு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேணாம். நான் ஒரு இடத்துல ஒழுங்கா உக்கார்ற ஆள் கிடையாது. எந்திரிப்பேன், நிப்பேன், படிக்கட்டு வரைக்கும் போயிட்டு வருவேன். கண்டக்டருக்கு என்னையத் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு. முப்பத்திரெண்டு வருஷம் ஈ.பி.ல மீட்டர் ரீடிங் எடுத்த காலு சார் இது. ஒரு நாளைக்கு நூத்தம்பது வீடு. ரிட்டயர் ஆகி ஒண்ணரை வருஷம் ஆச்சு, காலுக்கு இன்னும் தகவல் போகல.

விருதுநகர் வரைக்குமா? நானும் அங்கதான். கலெக்டர் ஆபீஸ். திங்கக்கிழமைல்ல, மனு கொடுக்கிற நாளு. எனக்கு இது பத்தாவது திங்கக்கிழமை. ராஜபாளையத்துல எட்டு மணி வண்டியப் பிடிச்சா பத்துக்கெல்லாம் வரிசையில நின்னுரலாம்.

சாருக்கு என்ன வேலை? காலேஜா? என்ன பாடம்? இங்கிலீஷா! அட, நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒரு பேப்பர் காட்டணும். இருங்க, அப்பறம் காட்டுறேன். முதல்ல விஷயத்தைச் சொல்லிர்றேன்.

சார், மண்ணீரல்னா உடம்புல எங்க இருக்குன்னு தெரியுமா? எனக்கும் தெரியாது. அறுபது வயசு வரைக்கும் தெரியாது. ஆட்டுல இருக்கிறது தெரியும், சுவரொட்டின்னு சொல்வோம்ல, அதுதான். ரத்தம் ஊறும்னு வாங்கி மிளகு போட்டு வதக்கிச் சாப்பிட்டிருக்கோம். மனுஷனுக்குள்ளயும் அதே சுவரொட்டி ஒண்ணு இடது விலாவுக்குக் கீழ உக்காந்திருக்குன்னு ஆவணி மாசம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எப்படின்னு கேளுங்க. எம் பொண்டாட்டியோடதை ஒரு பேசின்ல வச்சு எனக்குக் காட்டினாங்க.

அவ பேரு சுப்புத்தாய். ஆளு கல்லு மாதிரி இருந்தா. சித்திரையில இருந்து சோறு இறங்கல, நெஞ்சுக்குக் கீழ எரியுதுன்னா. எடை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பேரு வேணாம் சார், மனுவுல எழுதியிருக்கேன், பஸ்ல சொல்லக்கூடாது. அங்க குழாய விட்டுப் பாத்துட்டு, சதையக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பிட்டு, என்னையத் தனியாக் கூப்பிட்டாங்க. இரைப்பையில புத்துநோய். ஆரம்பம்தான், முழு இரைப்பையையும் எடுத்துட்டாப் பொழச்சுக்குவாங்க, மருந்து ஏத்துறதுகூடத் தேவைப்படாதுன்னாரு டாக்டரு.

நான் வெளிய வந்து அவகிட்ட 'அல்சர்'னு சொல்லிட்டேன். வேற என்ன சார் சொல்றது? பொம்பளை மனசு தாங்குமா? ஓசூர்ல இருக்கிற மககிட்டயும் கண்டிஷனாச் சொல்லிட்டேன், அம்மா காதுல ஒரு எழுத்து விழக்கூடாதுன்னு. இன்னிய தேதி வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அதுல நான் கெட்டிக்காரன்.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு உள்ள கொண்டுபோனாங்க. அதுக்கு முன்னாடியே நாலு இடத்துல கையெழுத்து வாங்கினாங்க. நான் படிக்காமப் போட மாட்டேன். தமிழ்லதான் இருந்துச்சு. 'இரைப்பையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு'ன்னு இருந்துச்சு. இரைப்பை. அவ்வளவுதான். சரின்னு போட்டேன், தங்கப்பாண்டின்னு முழுசா. நல்லாக் கவனிங்க சார், மண்ணீரல்னு ஒரு வார்த்தை அதுல இல்ல.

எட்டு மணி ஆச்சு, ஒம்பது ஆச்சு. பச்சைத் துணி போட்ட கதவு. அதுக்கு எதிர்ல இரும்பு நாற்காலி. எத்தனை நேரம் சார் உக்கார்றது? நடந்தேன். அந்த வராந்தா ஒரு கோடியில இருந்து மறு கோடிக்கு எழுபத்திநாலு அடி. போனை வார்டுல சார்ஜ்ல போட்டிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு கீழ இறங்கினேன். டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அஞ்சு நிமிஷம். ஆனா அந்த டீக்கடைக்காரன் என்ன பண்ணியிருந்தான் தெரியுமா? கம்பத்துல இருந்து நேரா கொக்கி போட்டு லைன் இழுத்திருக்கான்! மீட்டரே இல்ல! ஆஸ்பத்திரி வாசல்ல! எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. ரிட்டயர் ஆனா என்ன, கண்ணு ரிட்டயர் ஆகுமா? 'யாரைக் கேட்டு லைன் எடுத்த?'ன்னு பிடிச்சிக்கிட்டேன். அவன் ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு சொல்ல, கூட்டம் கூடிப்போச்சு. ஈ.பி. இன்ஜினியர் ஆபீஸ் எங்க இருக்குன்னு விசாரிச்சு, அங்க நடந்து போயி, வாய்மொழியாப் புகார் சொல்லிட்டுத்தான் வந்தேன். நியாயந்தானே சார்?

வந்து பாத்தா மணி ஒண்ணேகால். கதவு திறந்திருக்கு. டாக்டரு நிக்கிறாரு, நர்சு கையில ஒரு ஸ்டீல் பேசின். எடுத்ததைச் சொந்தக்காரங்களுக்குக் காட்டுவாங்கல்ல, அது வழக்கம். அவங்களுக்கு முன்னாடி ஒருத்தன் நின்னு குனிஞ்சு பாத்துக்கிட்டிருக்கான். யாரு? எம் மச்சினன் குருவையா. சுப்புத்தாய்க்குத் தம்பி. பதினோரு வருஷமா எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காலையில இருந்தே வந்து ஓரமா நின்னுக்கிட்டிருந்தான், நான்தான் பாக்காத மாதிரி இருந்தேன்.

ஏன் பேச்சு இல்லன்னா, அது எம் மக கல்யாணத்துல. தாய்மாமன் மாலை போடணும், சீர் வைக்கணும். ஐயரு மேடையில இருந்து 'தாய்மாமன் வாங்க, தாய்மாமன் வாங்க'ன்னு மூணு தடவ கூப்பிடுறாரு. ஆள் இல்ல. சபையில எம் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்? தாலி கட்டி முடிச்சு அரை மணி கழிச்சு சீர்த்தட்டோட வர்றான், வேன் டயரு வெடிச்சிருச்சாம். நான் மன்னிக்கல சார். மனுஷன்னா பேரைச் சொல்லிக் கூப்பிடுற நேரத்துல அங்க நிக்கணும். அதைவிடப் பெரிய வேலை என்ன வேலை?

என்ன சார் சிரிக்கிறீங்க? இல்லியா? சரி.

பேசின்ல பாத்தேன். ஒரு பக்கம் இரைப்பை. இன்னொரு பக்கம் கருஞ்செவப்பா, உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு. அச்சு அசல் சுவரொட்டி. 'இது என்ன?'ன்னு கேட்டேன். மண்ணீரல்னாரு. இரைப்பையப் பிரிக்கும்போது அதுல கிழிசல் விழுந்து ரத்தம் நிக்கலயாம், தச்சுப் பாத்தாங்களாம், துணி வச்சு அமுக்கிப் பாத்தாங்களாம், கேக்கலயாம். எடுத்தாத்தான் உயிரு நிக்கும்னு ஆச்சாம். 'இது இல்லாமலும் வாழலாம், பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு, இனிமே காய்ச்சல் வந்தா மட்டும்...'னு என்னமோ ஆரம்பிச்சாரு. நான் விடல. 'யாரைக் கேட்டு எடுத்தீங்க?'ன்னு கேட்டேன். அவரு எம் மூஞ்சியப் பாத்தாரு. அப்பறம் குருவையா பக்கம் திரும்பி மிச்சத்தை அவன்கிட்டச் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. கட்டின புருஷன் இங்க நிக்கிறேன் சார்! நான் நர்சம்மாகிட்ட ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாத்தேன். புதுசா ஒரு தாள். 'மண்ணீரல் அகற்றச் சம்மதம்.' கையெழுத்து, க.குருவையா. உறவுமுறை, தம்பி. நேரம், பகல் பன்னெண்டு நாப்பது.

'மைக்ல மூணு தடவ உங்க பேரக் கூப்பிட்டோம் ஐயா'ங்குது அந்த நர்சு. கூப்பிட்டா? ஒரு அரை மணி பொறுக்கக்கூடாதா? நான் ரீடிங் எடுக்கப் போறப்ப வீடு பூட்டிக் கிடந்தா பக்கத்து வீட்டுக்காரன்கிட்டக் கேட்டா எழுதுவேன்? 'வீடு பூட்டியுள்ளது'ன்னு போட்டுட்டு மறுநாள் வருவேன். அதான முறை? ரத்தம் ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு சொல்றாங்க. சரி, ஓடிச்சு. நான் ஒத்துக்கிறேன். அதுக்காக எம் பொண்டாட்டி உடம்புல எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாதுன்னு அவனா சொல்றது? நாள பின்ன ஊர்ல என்ன பேசுவாங்க, புருஷன் இருக்கும்போது மச்சினன் கையெழுத்துப் போட்டுத்தான் பொண்டாட்டி பொழச்சான்னு பேச மாட்டாங்களா?

அதுதான் சார் மனு. புரட்டாசியில ஆரம்பிச்சேன். விருதுநகர்ல கொடுத்தா ஆஸ்பத்திரி மதுரையில இருக்கு, மதுரைக்குப் போங்கன்னாங்க. மதுரையில போயி நின்னா நீங்க விருதுநகர் மாவட்டம், அங்க கொடுங்கன்னாங்க. நான் விடுவேனா? வாராவாரம் ஒரு ரசீது. போன்ல 'தங்கள் மனு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது'ன்னு வருது. இன்னிக்கோட பத்து மனு.

இதுல சுப்புத்தாய் ஒத்தாசையச் சொல்லணும். மத்த பொம்பளையா இருந்தா, கெடந்த உடம்போட என்னைய விட்டுட்டு எங்க போறீங்கன்னு கேப்பாளுக. இவ அப்படி இல்ல. திங்கக்கிழமை ஆனா அஞ்சு மணிக்கே எழுப்பி விட்டுருவா. சட்டைய எடுத்து வைப்பா, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைப்பா. 'கிளம்புங்க, கிளம்புங்க, வண்டி போயிரும்'னு வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைப்பா. எதுக்குப் போறேன்னு அவளுக்குத் தெரியாது. பென்ஷன் விஷயம்னு சொல்லியிருக்கேன். மண்ணீரல் போனதும் அவளுக்குத் தெரியாதே.

நான் அவளைச் சும்மா விடல சார், போனதுக்கு ஈடு கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை தவறாம சுவரொட்டி வாங்கியாந்திருவேன். நானே சுத்தம் பண்ணி, மஞ்சத்தூள், மிளகு, சின்ன வெங்காயம். இரைப்பை இல்லாதவ, ஒரு தடவைக்குக் கால் தோசைதான் இறங்கும். ஆனா சுவரொட்டிய ஒரு துண்டாவது தின்னுருவா. எதுக்கு வாங்குறீங்கன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. அந்த இடத்துல திரும்ப ஊறாதா சார்? ஈரல் வளரும்ங்கிறாங்களே, மண்ணீரல் வளராதா?

நேத்தும் வாங்கினேன். நேத்து ராத்திரி சாப்பிடல. விடியக்காலையில பாத்தா உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, ரெண்டு போர்வை போத்தியும் நடுங்குறா. சனிக்கிழமை தூறல்ல கொடியில கிடந்த துணிய எடுக்கப் போனாள்ல, தலை நனைஞ்சிருக்கும். தொட்டா நல்ல சூடு. ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், மிளகு ரசம் வச்சேன். இன்னிக்கு வேணா போகலன்னு சொன்னேன் சார், பொய் சொல்லக்கூடாது, வாய் திறந்து சொன்னேன். அவதான் பல்லு கடகடன்னு அடிக்க, 'நீங்க கிளம்புங்க, எனக்கு ஒண்ணுமில்ல, முதல்ல கிளம்புங்க'ன்னா. அதுதான் வந்தேன்.

இந்தாங்க, இதுதான் ஃபைலு. நான் சொன்ன தாள் இது. சிவப்பு மையில நாந்தான் கோடு போட்டிருக்கேன். பாருங்க, 'தம்பி'ன்னு எழுதியிருக்கான் பாருங்க. கீழ அவன் போன் நம்பர் வேற. தினம் பாத்துப் பாத்து அந்த நம்பரு எனக்கு மனப்பாடமே ஆகிப்போச்சு. இதை நல்ல இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா சென்னைக்கே அனுப்பிர்லாம்னு பாக்குறேன்.

அது வேணாம் சார், அதெல்லாம் டிஸ்சார்ஜ் பேப்பரு. மாத்திரை, சாப்பாடு, அதுதான் இருக்கும். அதுல கையெழுத்து விஷயம் ஒண்ணும் இல்ல. ஏன் கடைசிப் பக்கத்துக்குப் போறீங்க?

என்ன?

என்ன போட்டிருக்கு? தமிழ்ல சொல்லுங்க.

மூணு தடுப்பூசியா? ஆமா. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரத்துல. ஆமா, ஊசி ஊசின்னு குருவையாகூட ஒரு சீட்டு எழுதிப் பக்கத்து வீட்டம்மாகிட்டக் கொடுத்து விட்டிருந்தான். அவன் கையெழுத்தப் பாத்ததுமே பத்திக்கிட்டு வந்துச்சு, மடிச்சு அலமாரியில போட்டுட்டேன். படிக்கல. ஊசி எதுவும் போடல சார். சீட்டுல எழுதினது அவன்ல?

மேல படிங்க.

மண்ணீரல் இல்லாதவங்களுக்குக் காய்ச்சல் வந்தாவா? எத்தனை டிகிரி? குளிர் நடுக்கம்னா போட்டிருக்கு? 'உடனே'ன்னா எவ்வளவு உடனே? மணிக்கணக்கா? அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்களா, எங்க, காட்டுங்க. இது பெரிய எழுத்துல இருக்கே. ஏன் சார் இப்படிப் பெரிய எழுத்துல எழுதியிருக்காங்க?

உயிருக்குன்னா?

இருங்க. போன். எம் போன் எங்க. இந்தா இருக்கு. சுப்புத்தாய்... அடிக்குது. அடிக்குது. எடுக்கல. தூங்குவா. மாத்திரை போட்டிருக்காள்ல, தூங்குவா. இன்னொரு தடவ போடுறேன். எடுக்க மாட்டேங்கிறாளே சார். ரெண்டு ரூம் வீடு, போன் தலைமாட்டுலதான் இருக்கும், எடுக்கணுமே. அஞ்சு மணிக்கு நடுங்குனா. இப்ப என்ன, ஒம்பதேகாலா? நாலு மணி நேரம். நான் ரசம் வச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கேன். ரசம் சார்!

பக்கத்து வீட்டம்மா திங்கக்கிழமை ரேஷன் கடைக்குப் போயிரும். மக ஓசூர்ல. இங்க இறங்கி வண்டி பிடிச்சாலும் ஒரு மணி நேரம் ஆகும். யாரு இருக்கா? யாரு சார் இருக்கா எனக்கு? எனக்குப் பயமா இருக்கு. பட்டன் மாறி மாறி அமுங்குது, நீங்க நம்பரைப் போடுங்க. தாளைப் பாக்க வேணாம், நான் சொல்றேன், எழுதிக்குங்க, தொண்ணூத்தி நாலு... ஆமா. அவன்தான். ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான், வேன் வச்சிருக்கான். கொடுங்க.

ஹலோ. மாப்ள. நான்தான். நான் தங்கப்பாண்டி பேசுறேன். மாப்ள, நீ உடனே வீட்டுக்கு ஓடு, அக்காவுக்குக் காய்ச்சல், வேன எடுத்துக்கிட்டு ஓடு, கதவு திறக்கலன்னா ஒடைச்சிரு, எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, எதை எடுக்கச் சொன்னாலும் கேட்ட இடத்துலெல்லாம் நீயே கையெழுத்தப் போட்டுரு, எனக்காகக் காத்திருக்காத, என்னையக் கேக்காத...

என்ன?

எங்க இருக்கீங்க?

எப்ப?

ம்.

ம். சொல்லு.

சார், ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்களாம். நம்ம ஊர்லயே. நான் தெருமுனை திரும்பினதுமே சுப்புத்தாய் இவனுக்குப் போன் பண்ணிட்டாளாம். எட்டரை மணிக்கெல்லாம் ஊசி மருந்து ஏற ஆரம்பிச்சிருச்சாம். இருங்க, பேசுறான்... என்னது, அந்த மூணு ஊசியுமா? எப்ப போட்ட? எந்தத் திங்கக்கிழமை?

வாராவாரமா?

சார், நான் மனுவோட கிளம்பின அடுத்த அஞ்சாவது நிமிஷம் இவன் எங்க வீட்டுல இருந்திருக்கான். பத்து வாரமா. ஊசிக்கு அவன்தான் கூட்டிட்டுப் போயிருக்கான். காய்ச்சல் வந்தா உடனே போட்டுக்கக் கையில வச்சிருக்க வேண்டிய மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கான், அரிசி டப்பாவுல வச்சிருந்தாளாம். இன்னிக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் அவனுக்கே போன் பண்ணியிருக்கா. நான் கொடுத்த மாத்திரைய அவ என்ன பண்ணினாளோ தெரியல.

மாப்ள, டாக்டரு என்ன சொல்றாரு? இன்னிக்குப் பொழுது தாண்டணுமா? தாண்டிரும்ங்கிறாரா? சரி. சரி மாப்ள. அட்மிஷன் தாள்ல நீ போட்டுட்டயா கையெழுத்து?

யாரு?

அவளேவா?

...சார், கூட வந்தவங்க கையெழுத்து வேணும்னு நர்சு தாளை இவன்கிட்ட நீட்டியிருக்கு. இவ கையை நீட்டி வாங்கிக்கிட்டாளாம். 'எங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் கையெழுத்துக்குச் சண்டை போடுறவங்க, கொடு நானே போடுறேன்'னாளாம். நூத்திமூணு காய்ச்சல்ல. டாக்டரு வந்ததும் இவன் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி, 'ஐயா எனக்கு மண்ணீரல் கிடையாது'ன்னு அவதான் சொல்லியிருக்கா. அதைக் கேட்டதும்தான் அவங்க ஓட ஆரம்பிச்சாங்களாம்.

தெரியுமா அவளுக்கு? எப்பல இருந்துடா தெரியும்? மதுரையிலயேவா? அப்ப எனக்கு எதுக்குடா அவ... நான் ஞாயித்துக்கிழமை தோறும்...

கொடு. பேசினாப் பேசட்டும், கொடு அவகிட்ட.

சுப்பு.

ஆமா. பஸ்லதான். இல்ல, இன்னும் போகல. வர்றேன். இறங்கி வர்றேன்.

...சரி.

சரி, சொல்ல மாட்டேன்.

வச்சிட்டா சார். குரலே இல்ல, காத்து மாதிரி வருது. என்ன சொன்னாளா? 'வாங்க. வந்து வராந்தாவுல நடந்துக்கிட்டே இருங்க, பரவாயில்ல. ஆனா டாக்டர்கிட்ட அல்சர்னு மட்டும் சொல்லிராதீங்க. நான் கேன்சர்னு சொல்லியாச்சு'ன்னா.

சார், பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க. நான் படிக்கட்டுக்குப் போறேன்.